சுழிப்பிழை

காலையில் பன்னிரண்டு தாள், மத்தியானம் பன்னிரண்டு.
உறை பிரித்து, எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள்
தல்லாகுளத்தில் வெயில் ஏறிவிடும்.
சன்னலுக்கு வெளியே
எதிர்சேவைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம்.
உள்ளே நாற்பது வாத்தியார்கள், ஒரே கேள்வித்தாள்.

பேர் கிடையாது, ஊர் கிடையாது.
மேல்தாளைக் கிழித்தெடுத்து
வெறும் எண்ணாக்கித்தான் தருகிறார்கள்.
ஆளைத் தெரிந்தால் மனசு சாயும் என்று
யாரோ ஒரு நல்லவர் செய்து வைத்த ஏற்பாடு.
ஆனாலும் முதல் பக்கம் முடிவதற்குள்
நான் ஒரு பிள்ளையைப் பெற்றுவிடுகிறேன்.

ஒன்பதாவது தாள்.
எழுத்து முன்னால் சரிந்திருந்தது,
மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் முதுகு மாதிரி.
பையன்தான் என்று முடிவு பண்ணினேன்.
ழகரத்துக்கு வால் நீளம். அப்படியானால்
உசிலம்பட்டிக்கும் மேற்கே.
எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது,
சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன்.
மூன்றாம் பக்கத்தைத் திருப்பினால்
எண்ணெய்க் கறை.
தின்ற கையைச் சட்டையில்கூடத் துடைக்காமல்
பரீட்சைக்கு ஓடிவந்திருக்கிறான்.

ஐந்து மார்க் கேள்வி.
சூத்திரம் சரி. படம் சுமார். அலகு போடவில்லை.
நான்கு போடலாம், மூன்றும் போடலாம்.
மூன்று போட்டேன்.

போட்ட பிறகு காரணங்கள் வந்தன,
பந்தி நேரம் பார்த்து நுழையும் சொந்தக்காரர்களாக,
ஒவ்வொன்றும் சிரித்த முகத்தோடு:
அம்புக்குறி எங்கே?
வரி ஏன் இப்படிக் கோணுகிறது?
இதற்கு முந்தின தாள் எவ்வளவு சுத்தம்!

பத்தாவது தாள். மூன்றாம் பக்கத்தில் கறை.
பதினொன்று. மூன்றாம் பக்கத்தில் கறை.
இந்த வருசத்துப் பிள்ளைகளுக்கு
என்ன வந்தது என்று வாய்விட்டே சொன்னேன்.
பக்கத்து மேசை தவமணி டீச்சர்
பேப்பரில் மடித்த பருப்பு வடையை
மறுபடி என் பக்கம் நகர்த்தி,
'இன்னொண்ணு எடுத்துக்கங்க' என்றாள்.

இடது கட்டைவிரலைப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஜூனிலும் ஆய்வகத்தில் சொல்வேன்:
கம்பியை வைக்கிறதுக்கு முன்னாடி
திருகு அளவியை வெறுமனே மூடிப் பாருங்க.
நடுவுல ஒண்ணுமே இல்லாதப்பவும்
அது எதையாவது காட்டுச்சுன்னா
அதுக்குப் பேர் சுழிப்பிழை.
குறிச்சு வச்சுக்கங்க.
அதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான்
பாதி வகுப்பு தோற்கும்.

ஒன்பதாவது தாளை மறுபடி எடுத்தேன்.
மூன்றை அடித்து, நான்கு எழுதி,
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
சுற்றி வந்த இன்னாசிமுத்து சார்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'மனசு மாறிட்டீங்களா டீச்சர்?'
'கறை என்னோடது சார்.'
அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் முடியவில்லை.

இந்த நான்கு
அவன் எழுதிய பதிலுக்கா, என் வெட்கத்துக்கா?
கறையை எடுத்துவிட்டுப் பார்த்தால்
அலகு இல்லாதது இல்லாததுதானே.
அவன் என்கிறேன் பாருங்கள்,
இன்னமும்.

குழாயடிக்குப் போய்
மணல் போட்டுத் தேய்த்துக் கைகழுவினேன்.
நேற்றைய இருபத்துநான்கு தாளும்
கட்டி, அரக்கு வைத்துப் போய்விட்டன.
நேற்று வடை இல்லை.
ஒரு தாளிலும் ஒரு கறையும் இல்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

ஈரக் கையைச் சேலையில் ஒற்றிக்கொண்டு
பன்னிரண்டாவதைப் பிரித்தேன்.
அளவுகோல் வைத்து அடித்த அடிக்கோடுகள்.
பொம்பளப் பிள்ளை, டவுனு, என்றது உள்ளே ஒன்று,
முதல் வரியை
நான் இன்னும் படிக்கவில்லை.